உடல்நலத்தில் நமக்கும் ஒரு வாக்கு

(பெங்களூரு ஜீவனஹள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் கல்லூரி மண்டபங்களில், பகல் பொழுதில் நடக்கும். உடல்நலத்தைப் பற்றிய இந்த உரையைத் தெருவுக்குள்ளேயே, மாலையில், கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்த் திரும்புகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைத்த அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. யாருக்கு வசதியான நேரம் என்ற கேள்வி இன்றைய பேச்சின் நடுவிலும் வரப்போகிறது.

நான் சொல்ல வந்ததை முன்பே சொல்லிவிடுகிறேன். மக்களுக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொல்கிறோம், முகாம் போடுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். அவர்களிடம் கேட்டு முடிவெடுப்பதில்லை. ஆஸ்பத்திரி எப்போது திறக்க வேண்டும், பணம் எதற்குச் செலவாக வேண்டும், எந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும் என்று சொல்லும் உரிமை குடும்பங்களுக்கும் தெருவுக்கும் வராதவரை உடல்நலம் ஓரளவுக்கு மேல் முன்னேறாது. இது ஆசையால் சொல்கிற வார்த்தை இல்லை. சான்று இருக்கிறது, அதில் கொஞ்சம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

ஜீவனஹள்ளியை ஒட்டி காக்ஸ் டவுன். சற்றுத் தள்ளி குக் டவுன். அந்தப் பக்கம் இன்று புலிகேசி நகர் என்று பெயர் பெற்ற பிரேசர் டவுன். பிரேசர் டவுன் உருவாகக் காரணம் ஒரு நோய். 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் வந்தது. தண்டு எனப்பட்ட கண்டோன்மென்ட் பகுதியில், இப்போது சிவாஜி நகர் என்கிறோமே, அந்தப் பிளாக்பள்ளியின் நெருக்கமான சந்துகளில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பட்டாளத்தோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. நெரிசலைக் குறைக்கத்தான் அகலமான தெருக்களும் எலி புகாத வீடுகளுமாக ஒரு புதிய குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். 1910இல் அது திறக்கப்பட்டது.

நகரத் திட்டம் என்ற அளவில் நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1897இல் வெள்ளை அரசு கொள்ளைநோய்ச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் புகுந்து சோதிக்கலாம், நோயாளியைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோகலாம், ரயிலில் வருகிறவர்களை நிறுத்திப் பார்க்கலாம், துணிமணியைக் கொளுத்தலாம். எதிர்த்தால் தண்டனை. அந்தச் சோதனைகளின் அவமானம் பொறுக்காமல் 1897 ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றார்கள். நம் பக்கத்தில், 1898 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் பிளேக் கெடுபிடிகளை எதிர்த்துக் கலவரம் மூண்டது.

நோயாளியைத் தனியே வைக்க வேண்டும், எலியை ஒழிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னது மொத்தத்தில் சரிதான். ஆனாலும் மக்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள், பிணத்தை மறைத்தார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். அறியாமை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. தன் மனைவியை முன்பின் தெரியாத சிப்பாய் தொட்டுப் பார்ப்பதையும், முகாமுக்குப் போன தகப்பன் திரும்பாததையும் கண்ட குடும்பம் வேறென்ன செய்யும்? சரியான மருத்துவம் தவறான கைகளில் வந்ததால் தோற்றது. மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் பாதுகாப்பைத் தேடிக்கொண்டார்கள். பெங்களூரில் இன்றும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று நினைக்க வேண்டாம். 2024இல் டெங்கு பெருகியபோது கர்நாடக அரசு அதைத் தன் மாநிலக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. நகரத்தில் கொசுப்புழு வளரும்படி நீர் தேங்கவிட்ட வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம், கட்டுமான இடத்துக்கு 2,000 ரூபாய் என்று விதி வந்தது. டெங்கு பிள்ளைகளைக் கொல்கிற நோய். தண்ணீரை மூடி வைப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஏன் நாலு டிரம்மில் தண்ணீர் நிற்கிறது? குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் பிடித்து வைப்பார்கள்? வீட்டுக்கு அபராதம் போட விதி இருக்கிறது. தெரு முனைச் சாக்கடை மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தால், குப்பை வண்டி வராமல் போனால், அந்தத் தெரு யாருக்கு அபராதம் போடும்? பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொறுப்பு என்றால் அதன் பெயர் கட்டளை.

நான் சொல்கிற கூட்டுப் பொறுப்புக்கு மூன்று காரியங்கள் தேவைப்படுகின்றன: உண்மைத் தகவல் மக்கள் கைக்கு வர வேண்டும்; அதை வைத்துப் பேசி முடிவெடுக்க ஓர் இடம் வேண்டும்; அந்த முடிவுக்கு அதிகாரத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் கடினம், அதனால்தான் பெரும்பாலான திட்டங்கள் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

இந்த எண்ணம் புதியதும் இல்லை. 1946இல் போர் என்பவர் தலைமையிலான குழு சுதந்திர இந்தியாவின் மருத்துவ அமைப்பைத் திட்டமிட்டபோதே ஊர்தோறும் மக்களின் சுகாதாரக் குழு வேண்டும் என்றது. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், தங்கள் மருத்துவ வசதியைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அறிவித்தன. அந்த அறிவிப்பு காகிதத்திலேயே தங்கிவிடக் கூடாது என்று பிடிவாதமாக வேலை செய்தவர்களில் பெங்களூர்க்காரர்களுக்கு முக்கிய இடம் உண்டு. மருத்துவர்கள் ரவி நாராயணும் தெல்மா நாராயணும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியே வந்து 1984இல் சமூக நலவாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் சோச்சரா என்ற அமைப்பாக வளர்ந்தது. 2000 டிசம்பரில் வங்கதேசத்தின் சாவாரில் முதல் மக்கள் நலவாழ்வுப் பேரவை கூடியது. அங்கே பிறந்த உலக மக்கள் நலவாழ்வு இயக்கத்தின் தலைமைச் செயலகம் சில ஆண்டுகள் இந்தப் பெங்களூரில்தான் இயங்கியது. தொழில்நுட்ப நகரம் என்று மட்டுமே இந்த ஊரைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

தகவல் மக்கள் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சாமுவேல் பால் என்பவர் ஒரு காரியம் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் அட்டை கொடுப்பது போல, தண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு துறைக்கும் பெங்களூர் மக்களைக் கேட்டு மதிப்பெண் போட்டார். அதிலிருந்து பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் பிறந்தது. 1999இலும் 2003இலும் மறுபடி மதிப்பெண் அட்டை வந்தது. அந்த வரிசையில் என் மனத்தை அதிகம் பாதித்தது மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிகளைப் பற்றிய ஆய்வு. ஏழைப் பெண்கள் போகிற அந்த இலவச ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் காசு வைக்க வேண்டியிருந்தது. பெற்ற குழந்தையைக் கண்ணால் பார்க்கவே காசு. ஆண் குழந்தை என்றால் கூடுதல், பெண் குழந்தை என்றால் குறைவு. 2005இல் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் வரை இந்தச் செய்தி போனது.

அதற்கு முன்னால் இது யாருக்கும் தெரியாதா? பிரசவித்த ஒவ்வொரு தாய்க்கும் தெரியும், கூட வந்த மாமியாருக்கும் தெரியும். ஆனால் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பமும் அதைத் தன் தலையெழுத்து என்று நினைத்துக் கொடுத்துவிட்டு வந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அனுபவத்தை ஒரு தாளில் எழுதி மேஜை மேல் வைத்தபோதுதான் அது பொதுப் பிரச்சினையானது. கட்டணமும் உரிமையும் எழுதிய சாசனம் வைக்க வேண்டும், வெளியாட்கள் அடங்கிய பார்வையாளர் குழு வேண்டும் என்ற சீர்திருத்தங்கள் அதன் பிறகு பேசப்பட்டன, சில நடப்புக்கும் வந்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது கே.ஜி.ஹள்ளி, அதாவது காடுகொண்டனஹள்ளி. 2009 முதல் பெங்களூரு பொதுச் சுகாதார நிறுவனம் அங்கே மக்களோடு சேர்ந்து ஆய்வும் செயலுமாக ஒரு பணியைச் செய்தது. வீடு வீடாகப் போனவர்கள் அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த பெண்கள். 9,299 வீடுகள், 44,514 பேர். நாள்பட்ட நோய் பணக்காரர்களுக்கு வருவது என்ற நம்பிக்கை ஏழைகள் வாழும் அந்தப் பகுதியில் உடைந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 13.8 பேர் தங்களுக்கு நாள்பட்ட நோய் இருப்பதாகச் சொன்னார்கள்; பிபி 10 சதவீதம், சுகர் 6.4 சதவீதம். பரிசோதித்துப் பார்த்துக் கிடைத்த எண்ணிக்கை இல்லை இது, அவர்களே அறிந்து சொன்னது. ஆகவே உண்மை இதற்கு மேலேதான் இருக்கும். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தனியார் மருத்துவரிடம் போனார்கள். நாள்பட்ட நோய் இருந்த வீடுகளில் ஆறில் ஒன்று, வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருந்துக்கும் மருத்துவருக்குமே கொடுத்தது. அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் இந்த நிலை.

ஏன் தனியாரிடம் போகிறீர்கள் என்று நம் தெருவில் கேட்டுப் பாருங்கள். ‘அங்கே போனால் மாத்திரை இல்லை என்பார்கள்’, ‘வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போய்விடும்’, ‘நாம் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை’. இந்த மூன்று பதில்களில் எதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. மாத்திரை இருப்புக் கணக்கு, நேரம், மரியாதை. மூன்றும் மக்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய காரியங்கள். அரசு ‘நம்ம கிளினிக்’ என்ற மருத்துவ நிலையங்களைத் தொடங்கியபோது காலை 9 முதல் மாலை 4.30 வரை என்று நேரம் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்கா அந்த நேரத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். கட்டட வேலைக்குப் போகிறவர் சாரத்தின் மேல் நிற்பார். நேரத்தைத் தீர்மானிக்கும் அறையில் அந்த அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அப்படி ஒரு நேரம் வந்திருக்காது.

பங்கேற்பு உயிரைக் காக்குமா, அல்லது மனத்துக்கு நிறைவு தருவதோடு சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் மூன்று மாவட்டங்களில் ஏக்ஜூட் என்ற அமைப்பு செய்த காரியத்தை இதற்குப் பதிலாக வைக்கிறேன். பிரசாந்த திரிபாதியும் நிர்மலா நாயரும் தொடங்கிய அமைப்பு அது. ஆதிவாசி ஊர்களில் பெண்களைக் குழுக்களாக மாதம் ஒருமுறை கூட்டினார்கள். கூட்டத்தை நடத்தியவர் அந்தப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், நர்ஸ்கூட இல்லை. பிறந்த குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கதையாகச் சொல்லிப் பேசினார்கள். எந்தப் பிரச்சினை முக்கியம் என்று தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டிக்கு அவசர நிதி சேர்ப்பதா, சுத்தமான பிரசவப் பொருள் வாங்கி வைப்பதா, தொப்புள்கொடியில் எதையும் பூசாமல் விடுவதா என்று அவர்களே வழி கண்டார்கள். பிறகு ஊரைக் கூட்டித் தங்கள் முடிவைச் சொல்லி ஆண்களையும் பெரியவர்களையும் அதில் சேர்த்தார்கள். 2010இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது: குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் மூன்றாண்டில் 32 சதவீதம் குறைந்தனர். நேபாளத்தில் 2004இலேயே இப்படி ஒரு பலன் கிடைத்திருந்தது. 2013இல் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இன்னொரு விவரம் தெரிந்தது. ஊரின் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் பலன் பெரியது. நாலு பேர் மட்டும் வந்து கையெழுத்துப் போடுகிற கூட்டத்தால் யாருக்கும் ஆயுள் கூடவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. உகாண்டாவில் ஐம்பது சுகாதார நிலையங்களில் பாதியைச் சுற்றி மக்கள் கண்காணிப்பைத் தொடங்கியபோது அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009இல் ஆய்வு வந்தது. உலகமே கொண்டாடியது. பின்னர் அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதன் பாடம் எளிது. மக்களிடம் தகவலைக் கொடுத்து ‘நீங்களே கேளுங்கள்’ என்று விட்டுவிட்டால் போதாது. கேட்கப்படும் பக்கத்தில் மருந்தும் ஆளும் பணமும் அதிகாரமும் இருக்க வேண்டும். மருந்து வாங்கும் அதிகாரம் இல்லாத ஒரு நர்ஸம்மாவை ஊர் கூடிக் கேள்வி கேட்டு என்ன பயன்?

தமிழ்நாட்டில் இதைக் கவனமாகச் செய்தார்கள். தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ் 2007இல் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு முன்னோட்டமாகத் தொடங்கியது. கர்நாடகமும் அதில் ஒன்று, தமிழ்நாடும் ஒன்று. தருமபுரி, வேலூர், திருவள்ளூர், பெரம்பலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊர்க் குழுக்கள் ஒவ்வொரு சேவைக்கும் நிறம் கொடுத்தன. நன்றாக நடந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த அட்டை புரிந்தது. அதை வைத்துக்கொண்டு கிராமச் சுகாதாரச் செவிலியரும் பஞ்சாயத்துத் தலைவரும் மருத்துவரும் ஊராரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சிவப்பு வந்த இடத்தில் செவிலியர் மேல் பழி போடுவது எளிது. துணைச் சுகாதார நிலையத்தில் தண்ணீர் இல்லை, பஸ் இல்லை, ஒரே ஆள் ஏழெட்டு ஊர் பார்க்கிறார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். சண்டையாகப் போயிருக்க வேண்டியது பல இடங்களில் கூட்டு வேலையாக மாறுவதும் அங்கேதான்.

வெளிநாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. பிரேசிலில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியிலும் நலவாழ்வு மன்றம் இருக்கிறது. அதில் பாதி இடங்கள் மருத்துவத்தைப் பயன்படுத்தும் மக்களுக்கு. தாய்லாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய நலவாழ்வுப் பேரவை ஆண்டுதோறும் கூடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே தொண்டர்களாகிப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 2008இல் அந்த மாநிலம் அதை அரசுக் கொள்கையாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1990களிலேயே பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்துவிட்டதால்தான் அது வேரூன்ற முடிந்தது.

சரி, வீட்டுக்குள் வருவோம். தொடக்கத்தில் குடும்பம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியையே பேசிக்கொண்டிருந்தால் சரியாகாது. ஒரு பெண்ணுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கணவர் வேலையிலிருந்து வர வேண்டும், மாமியார் சரி என்று சொல்ல வேண்டும், பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் எடுக்க வேண்டும். சுகர் உள்ள அம்மாவுக்குத் தனியாகச் சமைப்பதில்லை. எல்லோரும் சாப்பிட்டு மிச்சமான சோற்றைத்தான் அவர் கடைசியில் சாப்பிடுகிறார். டாக்டர் ‘சோற்றைக் குறையுங்கள், காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவரிடம் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதைக் குடும்பத்தோடு பேச வேண்டும். காய்கறி வாங்கும் காசைப் பற்றிப் பேச வேண்டும். நம் தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் கலந்து கேட்கும். மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில். பள்ளிக்கூடம் போகும் பேத்திதான் பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிறாள். பாட்டியின் கருப்பைக் கோளாறைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டிய நிலையை எந்த மருத்துவ அமைப்பும் ஏற்கக் கூடாது.

குடும்பத்தைச் சேர்ப்பது என்றால் குடும்பத் தலைவரைச் சேர்ப்பது என்று பல அதிகாரிகள் நினைக்கிறார்கள். அது தவறு. சமூகம் என்றால் சங்கத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, கட்சிக்காரர் என்று நினைப்பதும் தவறு. ஊர் கூடினாலே நியாயம் பிறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்ததும் ஒரு கூட்டம்தான். பயத்தில் கூடிய கூட்டம் வேறு, தகவலோடு உட்கார்ந்து பேசிய மன்றம் வேறு. மன்றத்தில் வாடகை வீட்டுக்காரருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரே வாக்கு; தூய்மைப் பணியாளருக்கும் அவர் பெருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கும் ஒரே வாக்கு; மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒரே வாக்கு. இந்த விதி இல்லாத இடத்தில் பங்கேற்பு என்பது பழைய அதிகாரத்துக்குப் புதிய பெயராகிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சமூகப் பங்கேற்பு என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா ஊழியர்களை அரசு இன்னமும் தொண்டர்கள் என்கிறது. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, காசநோய் மாத்திரை, டெங்குக் கணக்கெடுப்பு, கைபேசியில் பதிவேற்றம் எல்லாம் அவர்கள் தலையில். 2025 ஜனவரியில் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் குளிரில் படுத்துப் போராடி, மாதம் குறைந்தது 10,000 ரூபாய் என்று முதலமைச்சரிடம் உறுதி வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள். நியாயமான சம்பளம் இல்லாத ஒருவரைச் சம பங்காளி என்று அழைப்பது அநீதி.

இனி ஜீவனஹள்ளியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாசல் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கத்தின் கீழ் மகிளா ஆரோக்கிய சமிதி என்று ஒன்று உண்டு. ஐம்பது முதல் நூறு வீடுகளுக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உறுப்பினர். ஆஷா ஊழியர் செயலாளர். ஆண்டுக்கு 5,000 ரூபாய் அந்தக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எதற்குச் செலவிடுவது என்று குழுவே தீர்மானிக்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் அரசுப் பணத்தில் எதற்கு எவ்வளவு என்று ஒரு சாதாரணப் பெண் முடிவு செய்யக்கூடிய இடம் நகரத்தில் இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் வரிசை வீடுகளுக்கு அப்படி ஒரு குழு இருக்கிறதா? கூடுகிறதா? கணக்குப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது?

அதற்கு மேல் வார்டு கமிட்டி. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் தந்த இடம் அது. குப்பை, சாக்கடை, தண்ணீர், கொசு எல்லாம் அங்கேதான் பேசப்பட வேண்டும். ஆனால் 2020 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகள் முழுதாகக் கவுன்சிலரே இல்லாமல் இந்த நகரம் ஓடியது. அந்த ஐந்தாண்டில்தான் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் தெருத் தெருவாக அலைந்தவர்களுக்குத் தங்கள் வார்டில் தாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள்கூட இல்லை. 2025இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எத்தனை மாநகராட்சி என்பது எனக்குப் பெரிதில்லை. வார்டு கமிட்டி மாதந்தோறும் கூடுகிறதா, அதில் இந்த மகிளா ஆரோக்கிய சமிதிகளிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்து பேச முடிகிறதா என்பதுதான் பெரிது. இதைச் சட்டத்திலேயே எழுதும்படி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மக்கள் வாக்கெடுத்து முடிவு செய்யப் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். மருந்து தீர்ந்துபோனால் சுவரில் எழுதி வையுங்கள். எப்போது வரும் என்று தேதி போடுங்கள். உங்களுக்கு ஆள் பற்றாக்குறை என்றால் அதையும் எழுதுங்கள்; உங்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு தெருவே இருக்கும்.

அறக்கட்டளைக் குழுவினருக்கும் கூடியிருக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு இதே நாளில் என்னைப் போல இன்னொருவரை அழைத்துப் பேச வைக்க வேண்டாம். ஜீவனஹள்ளிக் குடும்பங்களே தயாரித்த பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையை இந்த மேடையில் வையுங்கள். நம்ம கிளினிக் மருத்துவர், ஆஷா ஊழியர்கள், மாநகராட்சிச் சுகாதார அதிகாரி, குடிநீர் வாரியப் பொறியாளர் எல்லோரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, ஒவ்வொரு சிவப்புக்கும் பதிலும் தேதியும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான முதல் கூட்டத்தை இந்த மாதமே கூட்டுங்கள். அதையும் மாலையிலேயே வையுங்கள்.